முழங்காலும் குடிநீரும்

தருமபுரி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் தகடூர் தோன்றும். தகடூர் தோன்றினால் அதியமானும், அவன் ஔவையாருக்கு ஈந்த நெல்லிக்கனியும் உடன் தோன்றும். அக்கனி நீண்ட ஆயுளைத் தரவல்லது என்பது மரபு. ஔவையாரோ ஊர் ஊராக நடந்தே திரிந்தவர். ஆதலின் அந்த நெல்லிக்கனி ஆயுளை மட்டுமன்றி முழங்காலையும் சேர்த்தே காத்திருக்க வேண்டும் என்று நான் வகுப்பிலே வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அவ்வாறு கூறிய நாளில் என் முழங்கால்கள் நன்றாக இருந்தன. இன்று அரூரை அடுத்த தீர்த்தமலையின் படிகளை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் வலது முழங்காலில் வலி தொடங்கிற்று. தரையில் அமர்ந்தால் எழ முடியவில்லை. படி இறங்கும்போது கத்தியால் குத்துவது போன்ற நோவு. எண்ணெய் தடவியும் ஒற்றடம் கொடுத்தும் ஓராண்டு கழித்த பின்பு எலும்பு மருத்துவர் ஒருவரை அணுகினேன். அவர் என் காலைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, நீங்கள் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்?” என்றார். முழங்கால் வலிக்கும் ஊர்த் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று வேறு மாவட்டத்தார் வியக்கக்கூடும். எங்கள் மாவட்டத்தின் அரை நூற்றாண்டு வரலாறு அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதுமையில் முழங்கால் தேய்வது உலகத்துக்கே பொதுவான துன்பம். தொடை எலும்பின் அடிமுனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. சில மில்லிமீட்டர் கனமே உடைய அப்போர்வைக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாமையால் அது தேயும்போது நமக்குத் தெரிவதில்லை. இரத்த ஓட்டம் இல்லாமையால் தேய்ந்தது மீண்டும் நன்கு வளர்வதுமில்லை. வலி என்று நாம் உணரும் காலத்தில் தேய்மானம் பெரும்பாலும் முற்றியிருக்கும். நம் சித்த மருத்துவர்கள் மூட்டுக்குக் ‘கீல்’ என்று பெயரிட்டு, மூட்டு நோய்களைக் ‘கீல்வாயு’ என வகுத்தனர். அவ்வகைகளுள் ‘அழல் கீல்வாயு’ என்பதையே இக்காலச் சித்த மருத்துவர்கள் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒப்பாகக் கூறுகின்றனர். முடக்கத்தான் கீரையின் பெயரே அது எதற்காக உண்ணப்பட்டது என்பதைச் சொல்லும். நொச்சி இலை ஒற்றடமும், தொக்கணம் என்னும் பிடித்துவிடும் முறையும் எங்கள் சிற்றூர்களில் இன்றும் உண்டு. அவை தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவருவதில்லை; ஆயினும் இறுகிய தசையைத் தளர்த்தி இரவில் உறக்கத்தைத் தருகின்றன. வலியுற்றவனுக்கு அதுவும் சிறிதன்று.

தருமபுரியிலோ இந்தப் பொதுத் துன்பத்தோடு வேறொன்றும் கலந்து நின்றது. அது நிலத்தடியிலிருந்து வந்தது.

எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. அப்பாறைகளில் உள்ள சில கனிமங்களில் புளோரின் அடங்கியிருக்கிறது. மழை குறைந்த நாட்டில் நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்குகிறது. தங்கும் காலத்தில் புளோரைடு நீரில் கரைகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராமுக்கு மிகாமல் இருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிடையாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிருணயம் கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையும் 1.5 மில்லிகிராமே. எங்கள் மாவட்டத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவைவிடப் பன்மடங்கு மிகுந்த புளோரைடு காணப்பட்டது.

அளவு மிகுந்தால் முதலில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். பல ஆண்டுகள் கழிந்தபின் எலும்பு தடித்து, தசைநார்களும் சுண்ணாம்பேறி இறுகும். கழுத்து திரும்பாது, முதுகு வளையாது, முழங்கால் மடங்காது. நோயாளிக்குத் தெரிவது வலி ஒன்றுதான். அது தேய்மானமா, நீரா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

இந்நோயின் வரலாற்றில் அக்காலச் சென்னை மாகாணத்துக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1901-ஆம் ஆண்டு பிரெடரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர், அங்குப் பிறந்து வளர்ந்தோரின் பற்களில் விநோதமான பழுப்புக் கறையைக் கண்டார். காரணம் தேடி முப்பது ஆண்டுகள் அலைந்தார். 1931-இல் அலுமினியக் கம்பெனி ஒன்றின் வேதியியலறிஞரான சர்ச்சில் என்பவர் நீரைச் சோதித்துப் புளோரைடே காரணம் எனக் கண்டறிந்தார். அங்கே பல்லோடு நின்ற கதை, இங்கே எலும்பில் தொடர்ந்தது. நெல்லூர் மாவட்டத்து உழவர்கள் தம் மாடுகள் முடங்குவதையும், பின்னர்த் தாமே முடங்குவதையும் கண்டு கிணற்று நீரை ஐயுற்றனர். கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் அப்பகுதியை ஆராய்ந்து, 1937-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் சென்னை மாகாணத்துப் புளோரைடு நோயைப் பற்றி எழுதினர். நீரால் விளையும் எலும்புப் புளோரைடு நோயை உலகுக்கு விரிவாக அறிவித்த முதற் கட்டுரைகளுள் அஃது ஒன்று. 1955-இல் நல்கொண்டாவிலிருந்து சித்திக்கி என்பவரின் கட்டுரை வந்தது. 1973-இல் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், புளோரைடு மிகுந்த சிற்றூர்களின் இளைஞர்களுக்கு முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து ஒன்றோடொன்று மோதும் கோளாற்றை விவரித்தனர். நம் பரம்பிக்குளம்–ஆழியாறு அணைப் பகுதியிலும் அத்தகைய கால்களை அவர்கள் கண்டனர்.

இத்துணையும் அச்சில் வந்திருந்தது. ஆனால் 1982-இல் பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணியில் சேர்ந்த எனக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. ஆசிரியப் பயிற்சியில் உடல்நலப் பாடம் இருந்தது, பல் துலக்கும் முறை இருந்தது, புளோரைடு இல்லை. காலை வணக்கக் கூட்டத்தில் நகமும் பல்லும் பார்ப்பது என் வேலை. பழுப்புப் பல்லோடு நிற்கும் பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்துவேன். வேப்பங்குச்சியும் கரித்தூளும் கொடுத்து மீண்டும் துலக்கச் சொல்வேன். மறுநாளும் பழுப்பு நீங்காது, பிரம்பு பேசும். ஒரு நாள் ஒரு சிறுமி, “ரத்தம் வர்ற வரைக்கும் தேச்சேன் சார், போவ மாட்டேங்குது” என்று அழுதாள். நான் அதனைச் சாக்குப்போக்கு என்றே கொண்டேன். அந்தக் கறை பல் முளைப்பதற்கு முன்பே எனாமலுக்குள் படிந்துவிட்டது என்பதையும், தேய்த்துப் போக்க இயலாது என்பதையும் நான் அறிந்தது பத்தாண்டுகளுக்குப் பிறகு. அப்பிள்ளைகளில் சிலர் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள். சந்தையில் கண்டால் வணக்கம் சொல்கிறார்கள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் வழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை.

புளோரைடு நிலத்தடியில் என்றும் இருந்ததுதான். திறந்த கிணறுகளிலும் இருந்தது. எனினும் அதனை மிகுதியாக மேலே கொண்டுவந்தது ஒரு நற்பணியே என்பது வரலாற்றின் விநோதம். ஏரியையும் குளத்தையும் படிக்கிணற்றையும் நம்பி வாழ்ந்த காலத்தில் வாந்திபேதியும் நரம்புச் சிலந்தியும் மக்களை வாட்டின. நரம்புச் சிலந்தி என்பது குடிநீரிலுள்ள நுண்ணிய பூச்சி வழியே உடலுள் புகுந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வளர்ந்து, பெரும்பாலும் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் புழு. முழங்காலையும் கணுக்காலையும் நிலையாக முடக்கிச் சென்றதும் உண்டு. அதனை ஒழிக்கத் தூய நீர் வேண்டும். தூய நீருக்கு ஆழத்தில் துளையிட வேண்டும். 1967-இன் வறட்சிக்குப் பின்னர் யூனிசெப் நிறுவனத்தின் துணையோடு பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் இந்நாட்டுக்கு வந்தன. 1970-களின் இறுதியில், கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துத் தேர்ந்த ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு ஊர்தோறும் நாட்டப்பட்டது. 1996-இல் இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி பதிவானார்; 2000-இல் நாடு அந்நோயற்றதென்று சான்று பெற்றது. கைப்பம்புக்கு அவ்வெற்றியில் பங்குண்டு என்பதை மறத்தல் நன்றியன்று. ஆனால் கிருமியற்ற அந்த ஆழத்து நீரில் பாறையின் உப்பு மிகுந்திருந்தது. ஒரு நோயை விலக்கிய துளை வழியே மற்றொன்று ஏறி வந்தது.

எங்கள் தெருவில் கைப்பம்பு நாட்டிய நாளில் தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றினோம். முதற்குடம் பிடித்தவர் என் அன்னையார். அதற்கு முன் அரைக் கல் தொலைவு நடந்து கிணற்றில் இறைத்து வந்தவர் அவர். ஐம்பத்தைந்து வயதுக்குள் அவரால் ஆட்டுக்கல்லின் முன் அமர முடியவில்லை. பிறகு களி கிளறக் குனிய முடியவில்லை. வாதம் என்றோம், வயது என்றோம், முன்வினை என்றவரும் உண்டு. கடைசி ஆண்டுகளில் ஒரு மருத்துவர் அவருடைய முழங்கைக்குக் கீழே எக்ஸ்ரே எடுத்தார். அங்கேயுள்ள இரு எலும்புகளுக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் தெரியக் கூடாத அச்சவ்வு, அன்னையாரின் படத்தில் முள்வேலி போல வெள்ளையாக நின்றது. மருத்துவர் அதனை வெளிச்சத்தில் காட்டி, “அம்மா குடித்த தண்ணீர் இதில் எழுதியிருக்கிறது” என்றார். காவிரி நீர் எங்கள் ஊருக்கு வருமுன் அன்னையார் மறைந்துவிட்டார்.

இறுகிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றளவும் இல்லை. நீரை மாற்றுதலே முதல் மருத்துவம். நல்ல நீரோடு பால், கீரை, கேழ்வரகு போன்ற சுண்ணச்சத்துள்ள உணவும், நெல்லிக்காயில் நிறைந்துள்ள வைட்டமின் ‘சி’யும் உதவும் என்பர். அதியமான் கனி இங்கும் வந்து நிற்பதைக் கவனியுங்கள். புளி உண்பதால் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறுகிறது என்று ஐதராபாத்து ஆய்வாளர்கள் 2002-இல் பள்ளிச் சிறுவர்களிடம் செய்த ஒரு சிறு சோதனையில் கண்டனர். நல்கொண்டாப் பெயராலேயே வழங்கும் முறை ஒன்றையும் நாகபுரிச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் 1970-களில் வகுத்தனர். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளியவைத்துப் புளோரைடை நீக்கும் முறை அது. ஆய்வுக்கூடத்தில் எளிது, நாள்தோறும் அளவு பார்த்துக் கலக்குவது சிற்றூர் வீட்டில் எளிதன்று.

மாவட்டம் முழுமைக்கும் விடை ஒகேனக்கல்லில் ஓடிக்கொண்டிருந்தது. காவிரியில் புளோரைடு குறைவு. கைக்கெட்டும் தொலைவில் ஆறு ஓட, பாறை நீரைக் குடித்து முடங்கினோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு 2008 பெப்ருவரியில் முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டே கருநாடகத்தில் கிளர்ச்சி எழுந்து, எல்லையில் பேருந்துகள் நின்ற நாள்களும் உண்டு. சப்பான் நாட்டு ஒத்துழைப்பு நிறுவனம் கடன் வழங்கிற்று. 1,928 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்ட திட்டத்தை 2013 மே மாதத்தில் முதலமைச்சர் செயலலிதா தொடங்கிவைத்தார். தருமபுரி மாவட்டத்துக்கும், 2004-இல் அதிலிருந்து பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்துக்கும் அந்நீர் பாய்கிறது. நோயின் பெயரையே தன் பெயரில் தாங்கிய குடிநீர்த் திட்டம் அது. ஒருவர் அடிக்கல் நாட்ட, மற்றவர் திறந்துவைத்த அதற்கு எங்கள் மக்கள் இருவரையும் வாழ்த்தினார்கள்; கட்சிக்காரர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

இனி என் காலுக்கு வருகிறேன். மருத்துவர் முழங்காலை மட்டுமன்றி முன்கையையும் படம் எடுத்தார். சவ்வு தெளிவாக இருந்தது. பணி நிமித்தம் நான் பல ஊர்களில் வாழ்ந்ததனாலோ என்னவோ, என் எலும்பைப் புளோரைடு அவ்வளவாகப் பற்றவில்லை. முழங்கால் மூட்டின் இடைவெளி மட்டும் உட்புறம் குறுகியிருந்தது. “இது வயதின் தேய்மானம் ஐயா, உங்கள் அம்மாவின் நோய் அன்று” என்றார். மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை. வயதின் தேய்மானத்துக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி எழுந்தது. பழைய ஆசிரியன் ஆதலின் நூல்களைப் புரட்டினேன்.

வலி மருந்தின் வரலாறு வில்லோ மரப்பட்டையில் தொடங்குகிறது. 1763-இல் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அதன் காய்ச்சல் தணிக்கும் குணத்தை எழுதினார். 1897-இல் செருமனியின் பேயர் கம்பெனியில் ஹாப்மன் என்பவர் ஆஸ்பிரினைத் தூய வடிவில் ஆக்கினார். அதன் வழித்தோன்றல்கள் இன்று எங்கள் பெட்டிக்கடை வரை வந்துவிட்டன. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போக மனம் இடந்தரவில்லை. கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவோர் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விலைக்கு வாங்குகின்றனர். மூட்டுக்குள் இடும் ஸ்டீராய்டு ஊசி 1951 முதல் வழக்கில் உள்ளது. சில வாரங்கள் வலியைத் தணிக்கும், அடிக்கடி இடுவது நன்றன்று. குளுக்கோசமின் மாத்திரை பெரும் விளம்பரம் பெற்றது. 2006-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், நோயாளிகளை ஒருங்கே கணக்கிட்டபோது, வெறும் மாத்திரையைவிட அது மேம்பட்டதாக இல்லை.

கருவியை மூட்டுக்குள் செலுத்திக் கழுவித் துடைக்கும் சிகிச்சையின் கதை இன்னும் சுவையானது. ஹூஸ்டன் நகரத்து மோஸ்லி என்னும் மருத்துவர் 180 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார். இரு பிரிவினருக்கு மெய்யான சிகிச்சை. மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்து, சிகிச்சை செய்ததுபோல் நடித்தார். எவருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஈராண்டு கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார். மூன்று பிரிவினரும் ஒன்றுபோலவே இருந்தனர்! நோயாளிகள் இதற்கு ஒப்பியதும், மருத்துவர் தம் தொழிலையே சோதனைக்கு நிறுத்தியதும் பாராட்டத்தக்கவை.

மூட்டு மாற்றத்தின் வரலாறு நீண்டது. 1890-இல் பெர்லினில் குளூக் என்பவர் தந்தத்தால் முழங்கால் செய்து பொருத்தினார். காசநோயால் அழுகிய மூட்டுகளில் பொருத்தியமையால் சீழ் பிடித்து அம்முயற்சி வீழ்ந்தது. கீல் போன்ற உலோகக் கருவிகள் பின்னர் வந்தன. அவை எலும்பில் தளர்ந்து ஆடின. முழங்கால் கதவுக் கீல் போல ஓர் அச்சில் திரும்புவதன்று, உருண்டும் வழுக்கியும் இயங்குவது என்பதை உணர்ந்து, 1960-களின் இறுதியில் கன்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் புதுவகை மூட்டை வகுத்தார். அவர் முதலில் பொறியியல் கற்றவர். 1974 அளவில் நியூயார்க்கில் இன்சால் குழுவினர் அமைத்த மூட்டே இன்றைய மூட்டுகளுக்கு மூதாதை. நம் நாட்டில் இதன் விலை ஏழைக்கு எட்டாதிருந்தது. 2017 ஆகத்தில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்ச விலை விதித்தது. பெரிதும் வழங்கும் கோபால்ட்–குரோமிய மூட்டின் விலை 54,720 ரூபாய் என்று வரி நீங்கலாக வரம்பிடப்பட்டது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளுக்குக் கைகொடுக்கிறது.

“கடைசிப் படி அது. முதற்படியை ஏறிவிட்டீர்களா?” என்று மருத்துவர் கேட்டார். முதற்படி என்பது தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை தாங்கி, மெல்லத் தாழ்த்த வேண்டும். காசில்லாத மருத்துவம் ஆதலால் எவரும் மதிப்பதில்லை. அடுத்தது உடல் எடை. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். நான் ஆறு கிலோ குறைத்தேன். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவன், அறுபத்தைந்தில் நாற்காலியில் அமர்ந்து தனக்குத்தானே எண்ணிக்கொள்கிறான். வலி பாதியாய்க் குறைந்தது. மூட்டு மாற்றத்தை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிற்று. படுக்கையிலுள்ள முதியோர்க்கு இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுவருவது அதன் பணிகளுள் ஒன்று.

மருத்துவர் எனக்கு வேறொரு சோதனையும் கற்பித்தார். குனிந்து தரையைத் தொடுதல், மோவாயை மார்பில் படவைத்தல், இரு கைகளையும் தலைக்குப் பின்னே சேர்த்தல் ஆகிய மூன்றும் செய்ய இயலாதவர்க்குப் புளோரைடு நோய் இருக்கக்கூடும். மேலும் சோதிக்க வேண்டும். சென்ற பொங்கலன்று எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திடலில் முதியோரை வரிசையாக நிற்கவைத்து இம்மூன்றையும் செய்யச் சொன்னேன். பழைய ஆசிரியரின் கட்டளை என்று சிரித்துக்கொண்டே நின்றார்கள். தரையைத் தொடுகையில் சிரிப்பு அடங்கிற்று. பதினேழு பேரில் ஒன்பது பேரால் முழங்காலுக்குக் கீழே கையைக் கொண்டுபோக முடியவில்லை. “வாத்தியாரே, இது வயசுக் கோளாறுன்னுதானே இருந்தோம்?” என்றார் என் வகுப்புத் தோழர். அவர்களுள் அறுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மூவர் வர மறுத்துவிட்டனர்.

அன்று வந்திருந்த இளம்பெண்களிடம் குடிநீரைப் பற்றிக் கேட்டேன். காவிரி நீர் வராத நாள்களில் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளை நீரையும் கலந்து விடுகிறார்கள் என்றார்கள். குழாய் அடியோடு நின்றுவிட்டால், தெருமுனைக் கைப்பம்புக்குப் போகிறார்களாம். என் அன்னையார் முதற்குடம் பிடித்த அதே பம்புதான். பிடி தேய்ந்து பளபளக்கிறது. நான்கு அடி அடித்தால் இன்றும் நீர் கொட்டுகிறது, குளிர்ச்சியாக, தெளிவாக.